ஏடேறிய கூப்பிடுபெயர்: தமிழில் ஈரசைப் பெண்பெயர்கள்

கேள்வியும் எல்லையும்

பெண் குழந்தைக்குப் பெயர் தேடும் இன்றைய தமிழ்ப் பெற்றோர் விதிக்கும் நிபந்தனைகளில், பொருளுக்கும் நட்சத்திரத்துக்கும் முன்பாகவே 'பெயர் சின்னதாக இருக்க வேண்டும்' என்பது வந்துவிடுகிறது. நிலா, தியா, மீரா, மாயா, கயல், மகிழ், இயல் என அந்நிபந்தனையை நிறைவேற்றும் பெயர்கள் மூலத்தாலும் ஒலியாலும் வேறுபட்டவை எனினும், நாவுக்கு அதிக வேலை வைக்காமல் இரண்டு ஒலிக்கூறுகளில் முடிந்துவிடுவதில் ஒன்றுபடுகின்றன. இக்குறுக்கம் அண்மைக்கால மோகம் என்றும், வடநாட்டுச் சாயல் அல்லது மேனாட்டுச் சாயல் என்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அக்கூற்று எவ்வளவு தூரம் நிற்கும் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

'ஈரசை' என்பதன் அளவை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பேச்சில் இவற்றை 'ரெண்டெழுத்துப் பேர்' என்பர். ஆனால் எழுத்தை எண்ணினால் மீனாவுக்கு இரண்டும், புள்ளி எழுத்தும் சேர்ந்து வள்ளிக்கும் கயலுக்கும் மூன்றும் ஆகின்றன. யாப்பிலக்கணத்தின் அசையைக் கொண்டு அளந்தால் மீனா, வள்ளி ஆகியன இரண்டு நேரசைகளாகப் பிரிய, நிலா, உமா, கயல் ஆகியன குறிலும் அடுத்த உயிரொலியும் இணைந்து ஒரே நிரையசையாகிவிடுகின்றன. ஆகவே, ஓர் உயிரொலியை மையமாகக் கொண்ட ஒலிக்கூறே அசை என்னும் மொழியியல் வரையறையே இங்குக் கொள்ளப்படுகிறது. அதன்படி மேற்சொன்ன ஐந்தும் ஈரசைப் பெயர்கள், யாழ் ஓரசை, கண்ணகி, மாதவி, குந்தவை மூவசை.

நிலவும் விளக்கங்கள்

குறும்பெயர் பெருகியதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. முதலாவது சினிமா. 2011இல் வெளிவந்த 'தெய்வத்திருமகள்' படத்தின் குழந்தைக்கு நிலா என்று பெயர். 2014இல் 'கயல்' என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது. திரையில் கேட்ட பெயர் தொட்டிலுக்கு வருவது மெய்தான் எனினும், திரைக்கதை எழுதுபவர் அப்பெயரை எங்கிருந்து எடுத்தார் என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன், பெயர்களின் நாகரிக மாற்றம் பற்றி 2000இல் வெளியிட்ட நூலில், படங்கள் ஒரு பெயரைப் பிறப்பிப்பதைவிட ஏற்கெனவே ஏறுமுகத்திலிருக்கும் பெயரைப் பற்றிக்கொள்வதே மிகுதி என்றும், ஒரு பெயரின் ஒலி பிடித்துப்போனால் அதே ஒலியுடைய பிற பெயர்கள் அதன் பின்னால் வரும் என்றும் வாதிட்டார். அவர் ஆய்ந்தது வேறு சமூகம். ஆயினும் வித்யா, திவ்யா, காவ்யா, ரம்யா, சௌம்யா, நித்யா என 'யா'வில் முடியும் பெயர்கள் ஒரே தலைமுறைப் பெண்களிடம் வரிசையாகக் காணப்படுவதற்கும், அடுத்த தலைமுறையில் ரியா, தியா, லியா என அவ்வொலி மேலும் சுருங்கி வந்ததற்கும் இவ்விளக்கம் பொருந்துகிறது. எந்த ஒரு படமும் அவ்வரிசையை முழுதாக உண்டாக்கியிருக்க முடியாது.

இரண்டாவது காரணம் வடமொழி, இந்தி, ஆங்கிலப் பெயர்களின் செல்வாக்கு. இதில் உண்மை உண்டு. ஆனால் அது பெயரின் ஈற்றைப் பற்றிய உண்மை, நீளத்தைப் பற்றியது அன்று. வடமொழியில் ஆகாரத்தில் முடியும் பெண்பாற் சொற்களைத் தமிழ் நெடுங்காலமாக ஐகார ஈறாக்கியே ஏற்றது: சீதா சீதையானாள், ராதா ராதையானாள். இருபதாம் நூற்றாண்டில் கீதா, லதா, மாலா, சுதா, ஹேமா என்று பெயரிட்டவர்கள் கீதை, லதை என்று மாற்றிக்கொள்ளவில்லை. ஈறு மாறியதே தவிர அசை எண்ணிக்கை மாறவில்லை என்பது கருதத்தக்கது. சீதையும் ஈரசையே, சீதாவும் ஈரசையே. எழுதுவோர் பழைய இலக்கணத்தைக் கடைப்பிடித்தபோது இன்னொரு வேடிக்கையும் நிகழ்ந்தது. ரகரமும் லகரமும் மொழிக்கு முதலில் வரா என்பதால் ரமா 'இரமா' என்றும் லதா 'இலதா' என்றும் எழுதப்பட, வீட்டில் ஈரசையாக இருந்த பெயர் பள்ளிப் பதிவேட்டில் மூவசையாகியது.

மூன்றாவது காரணம் சோதிடம். 27 நட்சத்திரங்களுக்கும் நான்கு பாதம் வீதம் 108 தொடக்க ஒலிகள் வகுக்கப்பட்டுள்ளன. அசுவினிக்குச் சு, சே, சோ, லா என்றும் மகத்துக்கு ம, மி, மு, மே என்றும் பஞ்சாங்கங்கள் பட்டியலிடுகின்றன. இப்பட்டியல் தமிழுக்கென்று அமைந்ததன்று என்பதை அதன் ஒலிகளே காட்டிக்கொடுக்கின்றன. ஆயில்யத்துக்கு உரியவை டி, டு, டே, டோ. டகரத்தில் தொடங்கும் தமிழ்ச்சொல் இல்லாததால், ஆயில்யத்தில் பிறந்த பெண்ணுக்குத் தமிழ்ப்பெயர் வேண்டுவோர் பட்டியலைக் கைவிடுவதா மொழியைக் கைவிடுவதா என்று நிற்க நேர்கிறது. பெயர் சுருங்குவதற்குச் சோதிடம் காரணமன்று, ஏனெனில் முதலெழுத்தை மட்டுமே அது கட்டுப்படுத்துகிறது. ஆனால் ஈரசை வேண்டும் என்ற விருப்பமும் பாத எழுத்து என்ற கட்டுப்பாடும் ஒருங்கே வரும்போது, பெற்றோர் தேர்ந்தெடுக்க எஞ்சுவது இரண்டாம் அசை மட்டுமே. ஒரே நட்சத்திரத்தில் பிறந்த குழந்தைகளின் பெற்றோர் தனித்தனியே தேடியும் ஒரே சில பெயர்களில் வந்து முட்டிக்கொள்வது இதனால்தான். எண்கணிதம் அந்நெருக்கடியை ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் 'ஏ' எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ கடந்துவிடுகிறது. காதில் விழும் பெயருக்கு அதனால் எம்மாற்றமும் இல்லை.

பழைய சான்றுகள்

குறும்பெயர் அண்மைக் காலத்தது என்ற கருத்துக்கு எதிரான சான்று சங்கப் பாடல்களைப் பாடியோரின் பெயர்களிலேயே இருக்கிறது. பெண்பாற் புலவர்களாகக் கருதப்படுவோருள் ஒக்கூர் மாசாத்தியார், கச்சிப்பேட்டு நன்னாகையார், காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஆகிய மூவரின் பெயர்களைப் பகுத்துப் பார்க்கலாம். ஒக்கூர் என்பது ஊர். 'மா' பெருமை குறித்த அடை. 'ஆர்' மரியாதை ஈறு. இவற்றைக் களைந்தால் எஞ்சுவது சாத்தி. அவ்வாறே கச்சிப்பேடு என்ற ஊரையும் 'நல்' என்ற அடையையும் நீக்கினால் நாகை. காகத்தைப் பாடியதால் வந்த சிறப்புப் பெயரையும், சிறப்புப் பொருளில் நக்கீரர் முதலிய பெயர்களிலும் வரும் நகர முன்னொட்டையும் நீக்கினால் செள்ளை. கண்ணனோடு சேர்த்துப் பேசப்படும் நப்பின்னையிலும் உள்ளிருப்பவள் பின்னையே. கோதை, ஆண்டாள் என்ற இரு பெயர்களும் ஈரசையில் அமைந்தவை, ஔவையும் அப்படியே.

இச்சான்றின் வலிமையை மிகைப்படுத்தலாகாது. புலவர் பெயர்கள் பாடல்களின் இறுதிக் குறிப்புகளிலிருந்து கிடைப்பவை. அவை தொகுத்தோர் வழி வந்தவையாதலால், சாத்தி என்று அவருடைய தாய் அவரை அழைத்தாளா என்பதை அவற்றைக் கொண்டு நிறுவ முடியாது. பசலை, எயினி போன்ற மூவசை அடிப்பெயர்களும் அவ்வரிசையில் உண்டு. இருந்தும் ஒரு செய்தி தெளிவாகவே தெரிகிறது: பெயரின் கரு சிறியதாக இருந்தது, ஊர், அடைமொழி, மரியாதை ஈறு ஆகியவை அதைச் சூழ்ந்து நின்று ஆளை அடையாளம் காட்டின.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராசராசன் காலத்தில் பொறிக்கப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் பட்டியல் இம்முறையின் உச்சம் எனலாம். பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட நானூறு பெண்களை அக்கல்வெட்டு ஒவ்வொருவராகக் குறிப்பிடுகையில், எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, அதில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பவற்றையெல்லாம் முதலில் சொல்லி, 'நக்கன்' என்ற முன்னொட்டையும் சேர்த்த பின்னரே அவருடைய பெயருக்கு வருகிறது. ஒவ்வொருவருக்கும் உரிய நெல் பங்கு தவறான கைக்குப் போய்விடக் கூடாது என்ற நிருவாகக் கவலை அதில் தெரிகிறது. பெயர் மட்டுமே ஆளை அடையாளம் காட்டப் போதும் என்று சோழ அலுவலர்கள் நம்பவில்லை.

விளியின் இலக்கணம்

பெயர் என்பது எழுதப்படுவதற்கு முன்பு அழைக்கப்படுவது. தொல்காப்பியம் விளிமரபு என்று ஓர் இயலையே இதற்கு ஒதுக்கியுள்ளது. உயர்திணைப் பெயர்களில் இகரம், உகரம், ஐகாரம், ஓகாரம் ஆகிய நான்கு உயிர் ஈறுகளே விளி ஏற்கும் என்றும், இகரம் ஈகாரமாக நீளும் என்றும், ஐகாரம் 'ஆய்' ஆகும் என்றும், அருகிலிருப்பவரை இயல்பாக அழைக்கலாம் என்றும், தொலைவிலிருப்பவரை அழைக்கும்போது ஒலி தன் அளவைக் கடந்து நீளும் என்றும் அது கூறுகிறது. வள்ளி 'வள்ளீ' ஆவதும் கோதை 'கோதாய்' ஆவதும் இவ்விதிகளின்படியே.

இன்றைய ஈரசைப் பெயர்களுள் பெரும்பகுதி ஆகாரத்தில் முடிகிறது. அந்நான்கில் ஆகாரம் இல்லை. அதற்கு விளியுருபு தேவைப்படவும் இல்லை. மீரா, மாயா என்பவற்றின் ஈறு ஏற்கெனவே நெடிலாக இருப்பதால், மாடியிலிருந்து கூப்பிட அதை இன்னும் கொஞ்சம் இழுத்தால் போதும். சீதை பேச்சில் 'சீத' என்று குறுகி ஒலிக்க, சீதா குறையாமல் நிற்கிறது. ஆகார ஈறு வென்றதற்கு வடமொழி மோகத்தோடு இந்த வசதியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஊகிப்பது தவறாகாது. மெய்யில் முடியும் கயல், மலர், மகிழ் ஆகியவற்றுக்கு இவ்வசதி இல்லை. பேச்சுத்தமிழ் சொல்லின் இறுதி மெய்யோடு உகரம் சேர்ப்பது வழக்கமாதலால், சான்றிதழில் ஈரசையாக உள்ள கயல் வாசலில் 'கயலு' என மூவசையாகிறாள். விளி ஏற்கும் மெய்களாக இலக்கணம் சொன்ன ன, ர, ல, ள என்ற நான்கில் ழகரம் இடம்பெறவில்லை. மகிழ், தமிழ் என்று பெண்களுக்குப் பெயரிடும் காலம் வரும் என அதன் ஆசிரியர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

இருபெயர் முறை

இப்பின்னணியில் தமிழ்க் குடும்பங்களின் பழைய வழக்கத்தை நோக்க வேண்டும். பெயர் சூட்டும் நாளில் தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் பெயரை எழுதி, பல குடும்பங்களில் அத்தையோ தாய்மாமனோ குழந்தையின் காதில் மூன்று முறை அதைச் சொல்வது வழக்கம். அங்குச் சொல்லப்படும் பெயர் பாட்டியின் பெயராகவோ குலதெய்வத்தின் பெயராகவோ இருக்கும். மாமியாரின் பெயரைச் சொல்லி மருமகள் குழந்தையை அதட்டுவது மரியாதைக் குறைவு என்று கருதப்பட்ட வீடுகளில் வேறொரு கூப்பிடும் பெயர் கட்டாயமாகவே தேவைப்பட்டது. அப்பெயர் பெரும்பாலும் ஈரசை. மீனாட்சி மீனாவானாள், காமாட்சி காமு, ருக்மிணி ருக்கு, பார்வதி பாரு, விஜயலட்சுமி விஜி, ராஜலட்சுமி ராஜி, தனலட்சுமி தனம், ஆரோக்கியமேரி மேரி. தனம், மேரி போன்றவை நீங்கலாக இச்சுருக்கங்களில் ஓர் ஒழுங்கு உண்டு: நீண்ட பெயரின் முதல் அசையோ முதல் இரண்டு அசைகளோ நிற்கும், இறுதியில் உகரமோ இகரமோ ஆகாரமோ வந்து ஒட்டும், இடையிலுள்ள மெய் சில வேளைகளில் இரட்டிக்கும். ஜானகி ஜானு ஆவதும் இவ்வழியிலேதான். 2018இல் வந்த '96' படத்தின் நாயகி ஏட்டில் ஜானகி தேவியாகவும் நெருங்கியவர்களின் வாயில் ஜானுவாகவும் இருப்பது எந்த விளக்கமுமின்றிப் பார்வையாளருக்குப் புரிந்தது.

பொதுவாழ்வில் புகழ்பெற்ற பெண்களிடமும் இவ்விரட்டையைக் காணலாம். நடனமேதை பாலசரஸ்வதி பாலா என்றே அழைக்கப்பட்டார். டி. கே. பட்டம்மாளுக்கு இட்ட பெயர் அலமேலு. வீட்டில் அழைத்த 'பட்டா' என்ற ஈரசைப் பெயரே 'அம்மாள்' சேர்ந்து மேடையேறியது. பாட்டியின் பெயரான கோமளவல்லியைப் பெற்ற குழந்தை உலகுக்கு ஜெயலலிதாவாகவும் வீட்டுக்கு அம்முவாகவும் இருந்தது. மூன்று பெயர்கள், மூன்று வட்டங்கள்.

ஆக, ஈரசைப் பெண்பெயர் தமிழில் எப்போதும் புழங்கியதே. கடந்த அரை நூற்றாண்டில் மாறியது அதன் இடம். முற்றத்தில் இருந்த பெயர் பிறப்புச் சான்றிதழில் ஏறிக்கொண்டது. சான்றிதழில் இருந்த நீண்ட பெயர் இறங்கிப் போயிற்று.

கூட்டுப்பெயரின் பாதி

இதே நகர்வு தனித்தமிழ்ப் பெயர்களிலும் நிகழ்ந்தது என்பது, இது வடமொழி மோகத்தால் மட்டும் விளைந்ததன்று என்பதற்கு வலுவான சான்று. திராவிட இயக்கத்தின் எழுச்சிக்காலத்தில் பரவிய கயல்விழி, மலர்விழி, கனிமொழி, பூங்கொடி, அருள்மொழி போன்ற பெயர்கள் பெரும்பாலும் இரு சொற்கள் இணைந்த கூட்டுப்பெயர்கள். பொருளிலும் மேடை முழக்கத்திலும் நிறைவானவை. வீட்டில் அவை கயல், மலர், கனி என்றே ஒலித்தன. அடுத்த தலைமுறை அந்தப் பாதியையே முழுப்பெயராகப் பதிந்துகொண்டது. இதில் ஓர் இழப்பும் உண்டு. கயல்விழி என்பது மீன் போன்ற கண்ணை உடையவளைக் குறிக்கும் அன்மொழித்தொகை. கயல் என்பது மீன். அதைக் குறையாகக் காண வேண்டியதில்லை, ஏனெனில் குவளை, முல்லை என்று பொருட்பெயரை அப்படியே பெண்ணுக்கு இடுவது தமிழுக்குப் புதிதன்று. ஆனால் மகிழ், எழில், இயல், தமிழ் ஆகிய பெயர்களில் பால்காட்டும் ஈறும் மறைந்துவிட்டதால், பெயரைக் கொண்டு ஆணா பெண்ணா என்று அறிய முடிவதில்லை. சிலர் இதையே விரும்பித் தேர்கிறார்கள். அந்த விருப்பம் நியாயமானதே.

குறுமையின் மறுபக்கம்

குறும்பெயரை எப்போதும் கொஞ்சலின் வடிவமாகக் கொள்வது வரலாற்றின் ஒரு பக்கத்தை மறைத்துவிடும். பெயரோடு 'அம்மாள்', 'அம்மை' சேர்வது தகுதியின் அடையாளமாக இருந்த சமூகத்தில், அவ்வொட்டு யாருக்கு உரியது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதைச் சாதியே முடிவுசெய்தது. காளி, மாரி, பொன்னி, சின்னி எனக் கூலிப்பெண்களின் பெயர்கள் ஈரசையிலேயே நின்றன. பண்ணையார் வீட்டில் அவை ஒருமையில், அதட்டலாக ஒலித்தன. ஒரே அசை எண்ணிக்கை ஒரு வீட்டில் செல்லமாகவும் இன்னொரு வீட்டில் ஏவலாகவும் இருந்திருக்கிறது. அடுத்தடுத்துப் பெண் பிறந்த சலிப்பில் 'வேண்டாம்', 'போதும்பொண்ணு' என்று பெயரிடும் வழக்கமும் தமிழகத்துச் சிற்றூர்களில் இருந்தது. வேண்டாம் என்பதும் ஈரசைதான். ஒலியினிமையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் பெயர்ப் பட்டியல்கள் இவற்றைக் கண்டுகொள்வதில்லை.

இன்று கல்வியும் பணமும் உள்ள குடும்பங்கள் குறும்பெயரை நாடுவதில் இந்த ஏற்றத்தாழ்வு தலைகீழாகியிருக்கிறது. நீண்ட பெயர் கிராமத்தின் வாடையாகவும் குறும்பெயர் நகரத்தின் மெருகாகவும் எண்ணப்படுகின்றன. அவ்வெண்ணத்திலும் ஒரு பாகுபாடு உண்டு: நிலாவுக்கும் மாயாவுக்கும் கிடைக்கும் மெருகு மாரிக்கும் பொன்னிக்கும் இன்னும் கிடைக்கவில்லை. அசை எண்ணிக்கை ஒன்றே ஆயினும் சமூக மதிப்பு ஒன்றாகவில்லை.

தலைப்பெழுத்தின் போதாமை

குறும்பெயரின் நடைமுறைச் சிக்கல் அடையாளம் பற்றியது. குடும்பப்பெயர் வழங்கும் சமூகங்களில் முதற்பெயர் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பின்னால் வரும் குடும்பப்பெயர் ஆளைப் பிரித்துக் காட்டிவிடும். தமிழ்நாட்டில் சாதிப்பெயர் ஒட்டைக் கைவிட்டது பெரும் சமூக வெற்றி. அதன்பின் பெயருக்கு முன்னால் நிற்பது தந்தை அல்லது தாய் பெயரின் ஒற்றைத் தலைப்பெழுத்தே. ஒக்கூரும் கச்சிப்பேடும் செய்த வேலையை அவ்வோர் எழுத்து செய்ய வேண்டியிருக்கிறது. பெயர் ஐந்தாறு அசை நீண்டிருந்தவரை அது சமாளித்தது. ஈரசைப் பெயரும் ஒற்றைத் தலைப்பெழுத்தும் மட்டுமே எஞ்சும்போது, ஒரே வகுப்பில் இரண்டு க. நிலா இருப்பதும், வங்கியிலோ மருத்துவமனையிலோ பெயர் அழைக்கப்படும்போது இருவர் ஒருசேர எழுவதும் இயல்பாகிவிடுகின்றன. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப்பெயருக்கான கட்டத்தில் எதை எழுதுவது என்று தமிழர்கள் திகைப்பது நெடுநாள் வழக்கம். குறும்பெயர் அத்திகைப்பைக் கூட்டவே செய்கிறது.

இதற்குத் தீர்வு குறும்பெயரைத் துறப்பதன்று. பழைய இருபெயர் முறையை ஏட்டிலேயே காப்பது எளிது: நிலா கோமதி, மீரா வள்ளியம்மை என்பதுபோல் கூப்பிடும் பெயரையும் பாட்டியின் பெயரையும் சேர்த்துப் பதியலாம், தலைப்பெழுத்துக்குப் பதிலாகத் தாயின் அல்லது தந்தையின் முழுப்பெயரை எழுதலாம். பட்டியலைப் புரட்டித் தேடுவோர் தேர்ந்த பெயரைத் தாளில் எழுதிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டும், தலைப்பெழுத்தோடு சேர்த்து உரக்கப் படித்தும், பாட்டியின் வாயில் அது எவ்வாறு திரிகிறது என்று கேட்டும் முடிவு செய்வது நல்லது. அவசரமும் இல்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டுமே தவிர, குழந்தையின் பெயரைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை அதற்குக் கட்டணம் இல்லை.